ஊசிக்கு ஏது தேசம்?

கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குரிய தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, அங்கே முத்திரையிட்டுக் கொடுக்கும் மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைக் கடவுச்சீட்டுடன் சேர்த்துப் பத்திரப்படுத்தி, வியாபார நிமித்தமாகவோ உத்தியோக நிமித்தமாகவோ ஆப்பிரிக்க நாடுகளுக்குப் புறப்படுகிறவர்கள் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். அவர்களில் எவரும் அந்த ஊசியைத் தமக்கு நேர்ந்த அவமானமாகவோ அந்நிய ராஜ்யத்தின் அகம்பாவமாகவோ கருதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊசி போட்டுக்கொண்டு பத்து நாள் கழிந்தபின் அந்தப் புத்தகம் செல்லுபடியாகும் என்பதும், முன்பு பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியான அது, ஒரு முறை போட்ட ஊசியே ஆயுள் முழுவதற்கும் போதுமென்று விஞ்ஞானம் கண்டதன் பேரில் 2016 ஜூலை 11 முதல் ஆயுட்காலச் சான்றாயிற்று என்பதும், அந்த விதியில் காரணமும் காரியமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருப்பதைக் காட்டுகின்றன.

நம் நாடே இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் ஒருபோதும் வேரூன்றியதில்லை. ஆயினும் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளிலேயே குடியிருப்பதால், அந்நோயுள்ள நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் வந்திறங்குகிறவரை ஆறு நாள் வரையில் தனித்து வைக்கிறோம். வந்தவர் இந்தியப் பிரஜையா, அந்நியரா, செல்வந்தரா, கூலிக்காரரா என்று அந்த விதி விசாரிப்பதில்லை. எங்கிருந்து வருகிறீர், ஊசி போட்டுக்கொண்டீரா என்ற இரண்டு கேள்விகளோடு அது நின்றுவிடுகிறது. அந்த ஊசி மருந்து எந்தத் தேசத்து ஆலையில் தயாராயிற்று என்பதும் அதற்கு ஒரு பொருட்டல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்த மருந்தாக இருந்தால் போதும் என்று 2005 ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் அநுபந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1377 இல் ஆத்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகூசா என்ற சிறு குடியரசு, கொள்ளைநோய் கண்ட பிரதேசங்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் ஊருக்கு வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம் என்று சட்டம் செய்தபோதும், அது கேட்டது நோயைப் பற்றித்தான்.

இத்தனை தெளிவான சம்பிரதாயம் கைவசம் இருக்க, கொரோனா காலத்து நுழைவு விதிகள் ஏன் அதை விட்டு விலகின என்பதுதான் என் கேள்வி. எல்லையை அடைத்ததே பிழை என்று வாதிப்பது என் நோக்கமன்று. 2020 மார்ச் 19 இல் நியூசிலாந்து தன் கதவுகளை அந்நியருக்கு அடைத்தபோது, வியாதி உள்ளே பரவுமுன் அடைத்தது. அதனால் அங்கே அநேக உயிர்கள் பிழைத்தன என்பதை மறுப்பவர் அறிவுடையவராகார். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஜனவரி 30 இல் அவசர நிலையைப் பிரகடனம் செய்தபோது பிரயாணத் தடைகளைச் சிபாரிசு செய்யவில்லை என்பதையும், அந்த ஆலோசனை அப்போதைய நிலைமைக்குப் போதுமானதாக இருந்ததா என்று அறிஞர்கள் இன்றளவும் வாதிப்பதையும் நான் அறிவேன். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கதவை அடைத்த காலத்தைக் காட்டிலும், அடைத்த கதவைச் சிறிது சிறிதாகத் திறந்த காலத்தில்தான் நியாயம் கோணிற்று.

அதற்குப் பிரிட்டனைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, ஆஸ்ட்ராசெனகா கம்பெனியின் அனுமதியோடு புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த கோவிஷீல்டு மருந்தை, 2021 பிப்ரவரி 15 ஆம் தேதியே உலக சுகாதார ஸ்தாபனம் அவசர உபயோகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டன் தன் சொந்தப் பிரஜைகளுக்குப் போடுவதற்காக அந்தப் புனே ஆலையிலிருந்தே ஐம்பது லட்சம் ஊசிகளை வரவழைத்துக்கொண்டது. இப்படியிருக்க, அக்டோபர் 4 முதல் அமலுக்கு வரவிருந்த புதிய விதிகளைச் செப்டம்பரில் அந்த அரசாங்கம் வெளியிட்டபோது, ஆஸ்திரேலியா, ஜப்பான், இஸ்ரேல், சிங்கப்பூர், மலேசியா முதலாக ஏறக்குறைய பதினேழு நாடுகளில் போட்ட ஊசியை ஊசியென்று ஒப்புக்கொண்டு, இந்தியாவில் போட்ட ஊசியைப் போடாத ஊசியாகவே பாவித்தது. ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட அப்பட்டியலில் இடம்பெறவில்லை. புனேயில் நிரப்பிய குப்பியிலிருந்து லண்டனில் ஊசி போட்டுக்கொண்டவர் பாதுகாக்கப்பட்டவர். அதே ஆலையின் குப்பியிலிருந்து சென்னையில் போட்டுக்கொண்டவரோ பத்து நாள் தனிமையில் அடைபட்டு, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் மூக்கில் குச்சி விட்டுச் சோதிக்கப்பட வேண்டியவர். கிருமிக்கு இந்தப் பேதம் தெரியாது. லண்டன் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

இந்தியா ஆட்சேபித்த பிறகு மருந்தை ஏற்றுக்கொண்டார்கள். மருந்தை ஏற்றுக்கொண்ட பிறகு சான்றிதழை ஏற்க மறுத்தார்கள். கோவின் என்ற நம் அரசாங்கத் தளம் கொடுத்த ஊசிச் சான்றிதழில் பிரயாணியின் வயது இருக்கிறது, பிறந்த தேதி முழுமையாக இல்லை என்பது அவர்கள் கண்ட குறைகளுள் ஒன்று. கடவுச்சீட்டில் பிறந்த தேதி அச்சாகியிருக்க, அந்தக் கடவுச்சீட்டோடு வருகிறவரின் ஊசிச் சீட்டிலும் அது இருந்தாக வேண்டும் என்பதை நிர்வாக ஒழுங்குக்குரிய கோரிக்கையாக ஒப்புக்கொள்ளலாம். நம்மவர்களும் உடனே அச்சான்றிதழைத் திருத்தினார்கள். ஆனால் ஒரு தேதி விடுபட்டதற்காக ஒரு மனிதரைப் பத்து நாள் அடைத்து வைப்பது எந்தச் சுகாதார சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. அக்டோபர் 11 முதல் விதி தளர்ந்தது.

இந்தக் கூத்தில் பிரிட்டிஷாருக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் மால்டாவுக்கு விடுமுறைக்குச் செல்லவிருந்த ஒரு வயோதிகத் தம்பதியரை, அவர்கள் லண்டன் அரசாங்கத்தின் கையால் போட்டுக்கொண்ட ஊசி புனே ஆலையின் தொகுதியைச் சேர்ந்தது என்ற காரணத்தால், மான்செஸ்டர் நிலையத்தில் விமானமேற விடவில்லை. ஐரோப்பிய மருந்து ஏஜென்சி ஆஸ்ட்ராசெனகாவின் ஐரோப்பியத் தயாரிப்பை அங்கீகரித்திருந்ததே தவிர, புனேத் தயாரிப்புக்கு அனுமதி தந்திருக்கவில்லை. சில நாளில் மால்டா அதைச் சரிசெய்துகொண்டது. பத்திரிகைகள் அந்தத் தம்பதியருக்காகப் பரிந்து எழுதின. அதே நிலையில் மாதக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்த ஆசியருக்காகவும் ஆப்பிரிக்கருக்காகவும் அத்தனை மை செலவாகவில்லை.

அப்படித் தவித்தவர்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களை முதலில் நினைக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வந்து அகப்பட்டுக்கொண்டவர்களில் பலர், அரசாங்க முகாமில் எது கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்டார்கள்; கோவாக்சின் என்ற மற்றோர் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களோ, உலக சுகாதார ஸ்தாபனம் 2021 நவம்பர் 3 இல் அதைப் பட்டியலில் சேர்க்கும் வரையில், வேலைக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். ஊசியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சுதந்திரம் இல்லாதவனிடம் நீ ஏன் வேறு ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டது போலாயிற்று அது. இந்தியாவிலிருந்து நேராக வரக்கூடாது, பதினான்கு நாள் வேறொரு நாட்டில் தங்கிவிட்டு வரலாம் என்ற சவூதி விதிக்கிணங்க, மாலத்தீவிலும் நேபாளத்திலும் விடுதி எடுத்துத் தங்கிப் பல மாதச் சம்பளத்தைச் செலவழித்துப் போனவர்களும் உண்டு. அந்தப் பதினான்கு நாளில் நோய் தணிந்ததோ இல்லையோ, கடன் வளர்ந்தது.

உண்மையைச் சொன்னவன் தண்டிக்கப்பட்ட கதை தென்னாப்பிரிக்காவினுடையது. 2021 நவம்பர் 25 ஆம் தேதி அந்நாட்டு விஞ்ஞானிகள், தாங்கள் கண்ட புதிய உருமாற்றத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றி உலகுக்கு அறிவித்தார்கள். மறுநாளே அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் சூட்டப்பட்டது. அதற்குள்ளாகவே பிரிட்டன் தென்னாப்பிரிக்காவையும் அதன் அண்டை நாடுகளையும் சிவப்புப் பட்டியலில் தள்ளியாயிற்று. அமெரிக்கா எட்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு 29 முதல் கதவடைத்தது. தெருவில் தீப்பிடித்ததென்று முதலில் கூவியவன் வீட்டை மட்டும் வெளியே தாழிட்ட கதைதான். அந்த அறிவிப்புக்கு முன்னரே, நவம்பர் 19 இல் எடுத்த மாதிரிகளில் ஒமிக்ரான் இருந்ததாக நெதர்லாந்தின் சுகாதார நிலையம் பிற்பாடு தெரிவித்தபோது, நெதர்லாந்துக்கு எவரும் அவ்வாறு தாழிடவில்லை. டிசம்பர் நடுவில் பிரிட்டன் அந்தப் பட்டியலைக் கலைத்தது. வியாதி அதற்கு முன்பே அங்கே வீடு வீடாகப் புகுந்துவிட்டது. அடுத்த முறை ஒரு புதிய கிருமியைக் காணும் ஏழை நாட்டின் விஞ்ஞானி, அதை அறிவிக்கு முன் தன் நாட்டு வியாபாரத்தையும் சுற்றுலாவையும் நினைத்துப் பார்த்துத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் யார்?

ஆஸ்திரேலியா இதிலும் ஒருபடி மேலே சென்றது. இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்திலிருந்த 2021 மே 3 முதல், முந்திய பதினான்கு நாளில் இந்தியாவில் இருந்த எவரும், ஆஸ்திரேலியப் பிரஜையாகவே இருந்தாலும், தாய்நாட்டில் காலடி வைத்தால் ஐந்தாண்டுச் சிறையும் 66,600 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம் என்று அந்நாடு அறிவித்தது. அப்போது திரும்பிச் செல்ல ஆவலோடு இந்தியாவில் காத்திருந்த ஆஸ்திரேலியர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவர்களில் இந்திய வம்சாவளியினர் மிகப் பலர். முந்திய ஆண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் கொழுந்துவிட்டெரிந்தபோது அங்கிருந்து திரும்பியவர்களுக்குச் சிறைவாசம் நினைவூட்டப்படவில்லை என்பதை அந்நாட்டுப் பத்திரிகைகளே சுட்டிக்காட்டின. இத்தடையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தவரின் முதற்கட்ட வாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மந்திரிக்கு அதிகாரம் உண்டு என்று சட்டம் சொன்னது. அதிகாரம் உண்டென்பதும் அதைப் பிரயோகித்தது நியாயமென்பதும் வேறு வேறு விஷயங்கள். தடை மே 15 வரைதான் நீடித்தது. எவரும் சிறை செல்லவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சர்வதேச ஒழுங்குவிதிகளின் 40 ஆம் விதி, குடியேற வருவோர் நீங்கலாக, பிரயாணியைத் தனித்து வைப்பதற்கோ அவருடைய தேக நிலையைப் பரிசோதிப்பதற்கோ அவரிடம் கட்டணம் வசூலிக்கலாகாது என்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும்படி அரசாங்கம் கட்டளையிட்டால் அதன் செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். பிரிட்டனோ 2021 பிப்ரவரி முதல் சிவப்புப் பட்டியல் நாடுகளிலிருந்து திரும்பியவர்களை விடுதியில் அடைத்து, தலைக்கு 1,750 பவுன் வாங்கியது. ஆகஸ்டில் அது 2,285 ஆயிற்று. இத்தொகையைச் சிரமமின்றிக் கட்டக்கூடியவர், திரும்பி வரும் உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டார். 42 ஆம் விதி பாரபட்சமின்மையைக் கோருகிறது. 43 ஆம் விதி, கூடுதல் கட்டுப்பாடு விதிக்கும் நாடு அதற்குரிய விஞ்ஞான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுமென்றும் மூன்று மாதத்துக்குள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்றும் சொல்கிறது. புதிதாகச் சட்டம் இயற்றத் தேவையே இருக்கவில்லை. எழுதியிருந்ததைப் படித்திருந்தால் போதும்.

வசதியற்றவன் உடம்பைத்தான் எல்லை முதலில் சந்தேகிக்கும் என்பது நமக்குப் பழைய அநுபவமே. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே வழி திறந்த பின்னர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்கள், இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் நடத்திய முகாமில் சில நாள் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பிறகுதான் கப்பலேற முடிந்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பிரிட்டனுக்குப் பதிலடியாக 2021 அக்டோபர் 4 முதல், அங்கிருந்து வரும் பிரிட்டிஷ் பிரஜைகள் எத்தனை ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று இந்தியா விதித்தது. பிரிட்டன் இறங்கி வந்ததும் 13 ஆம் தேதி அதை ரத்து செய்தது. அந்தப் பத்து நாளுக்குள் கிருமியின் சுபாவம் மாறிவிடவில்லை. லண்டனிலிருந்து ஒரே விமானத்தில் அடுத்தடுத்த ஆசனங்களில் வந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் அடைப்பு என்றால், அது கடவுச்சீட்டைப் பார்த்து விதித்த விதிதான். ராஜதந்திர ரீதியில் அது பலித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுகாதாரத்தின் பெயரால் அதைச் செய்தோம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏர் சுவிதா என்ற பிரயாணிப் படிவமும், வெளிநாடுகளிலுள்ள நம்மவர் பலருடைய பொறுமையைச் சோதித்துவிட்டு, 2022 நவம்பர் 22 இல்தான் விலகியது. புத்தாண்டில் சீனா உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து வருவோருக்காக மீண்டும் தலையெடுத்து, பிப்ரவரி நடுவில் மறைந்தது.

2024 ஜூன் 1 இல் திருத்தி, 2025 செப்டம்பர் 19 முதல் அமலுக்கு வந்த ஒழுங்குவிதிகள், சுகாதாரச் சான்றுகள் காகிதத்திலும் மின்னணு வடிவிலும் இருக்கலாம் என்று விரிவாகப் பேசுகின்றன. காகிதமா திரையா என்பதில் நம் பிரயாணிக்கு அவ்வளவு சிரமமில்லை. அவருடைய ஊசி உலக ஸ்தாபனத்தின் பட்டியலில் இருந்தால், அது புனேயில் தயாரானதானாலும் பெய்ஜிங்கில் தயாரானதானாலும், எந்த நாடும் மறுபேச்சின்றி ஏற்றாக வேண்டும் என்ற ஒரே வாசகம், மஞ்சள் காய்ச்சலுக்கு இருப்பதுபோல் எல்லாப் பெருந்தொற்றுக்கும் இருந்தாக வேண்டும். உலகுக்கே ஊசி தயாரித்துக் கொடுக்கும் நாடு என்ற கௌரவத்தில், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஜெனீவாவில் கூடும் சுகாதார மகாசபையில் இதை வலியுறுத்த இந்தியாவுக்கு உள்ள உரிமை வேறெந்த நாட்டுக்கும் இல்லை. ஆனால் 2021 டிசம்பரில், அபாயமுள்ளவை என்று நாம் பட்டியலிட்ட நாடுகளிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கியவர்கள், துரித முடிவு வேண்டுமானால் சில ஆயிரம் ரூபாயைத் தங்கள் பையிலிருந்தே கட்டிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. இனி அப்படியொரு காலம் வருமானால், வந்திறங்குகிறவரின் பரிசோதனைச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று முதலில் இங்கே சட்டம் செய்துவிட்டு நம் பிரதிநிதி விமானம் ஏறட்டும்.