வரி முடிய எத்தனை எழுத்து?

ஒரு வரி முடிந்தது என்று கோப்பில் குறிக்க ஓர் எழுத்து போதும். விண்டோஸ் இரண்டு எழுதுகிறது. முதலில் 13, பிறகு 10. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 13 கேரேஜ் ரிட்டர்ன், 10 லைன் ஃபீட். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. எந்திரத்துக்கு இட்ட கட்டளைகள் அவை.

1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தொலை அச்சுப்பொறி நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்கு ஓடும். 10 வந்தால் காகிதம் ஒரு வரி மேலேறும். தட்டச்சுப் பொறியில் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் இரண்டும் நடந்துவிடும். இங்கே தனித்தனி. வரிக் கடைசியிலிருந்து தலை திரும்பி வரப் பத்தில் ஒரு நொடி போதாது. அதற்குள் அடுத்த எழுத்து வந்தால், ஓடுகிற ஓட்டத்திலேயே நடுக்காகிதத்தில் அடித்துத் தொலைக்கும். அதனால்தான் 13 முன்னால் போகிறது. காகிதம் ஏறுகிற நேரத்தில் தலையும் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் பற்றாத இடங்களில், ஒன்றுமே அச்சிடாத வெற்று எழுத்துகளை அனுப்பி நேரம் கடத்தினார்கள்.

1960களில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளம் இந்தச் சுமையைக் கோப்பிலிருந்து இறக்கியது. கோப்பில் 10 மட்டும் இருக்கட்டும், எந்தப் பொறிக்கு என்ன வேண்டுமோ அதை அந்தப் பொறியை இயக்கும் டிரைவர் நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. யூனிக்ஸும் லினக்ஸும் அந்த வழி. கேரி கில்டாலின் சிபி/எம் பழைய ஜோடியையே வைத்துக்கொண்டது. 1981இல் எம்எஸ்-டாஸ் அதை எடுத்துக்கொள்ள, விண்டோஸுக்கு அது பரம்பரைச் சொத்தானது. பழைய மெக்கிண்டாஷ் 13 மட்டும் போதும் என்றிருந்தது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் யூனிக்ஸ் பக்கம் வந்துவிட்டது.

நான் மல்டிக்ஸ் கட்சி. ஒரு பொறியின் மந்தத்தை எழுத்துக்குள் பதித்து வைத்தால், பொறி போன பிறகும் அது போவதில்லை. ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஒரு 13 ஒட்டியிருந்தால், கண்ணெதிரே இருக்கிற நிரலை இல்லை என்று லினக்ஸ் கைவிரிக்கும். முன்பெல்லாம் லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் வரிகளெல்லாம் ஒரே கோடாக நீளும். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது 2018இல்தான்! மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி விதியோ இன்றும் 13, 10 என்ற ஜோடியைத்தான் கேட்கிறது. அதை இனி மாற்ற முடியாது.

உங்கள் கோப்புகளை மாற்றலாம். நிரல் எழுத விஎஸ் கோடு வைத்திருந்தால் திரையின் அடியோரத்தைப் பாருங்கள். சிஆர்எல்எஃப் (CRLF, அதாவது 13, 10 ஜோடி) என்று இருந்தால் சொடுக்கி எல்எஃப் (LF, 10 மட்டும்) ஆக்கிவிடுங்கள்; உங்களோடு வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.