பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆட்டம் காண்கிறதா? ஸ்பிரிங்கை மாற்றும் முன் ரப்பரைப் பாருங்கள்!

1989 பிப்ரவரி. அமெரிக்காவின் சிகாகோ ஆட்டோ ஷோவில், ஜப்பானின் மஸ்டா நிறுவனம் ஒரு குட்டி காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டே இருக்கைகள், மடக்கி வைக்கும் கூரை, 1.6 லிட்டர் இன்ஜின். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. பெயர், எம்எக்ஸ்-5 மியாட்டா.

பவரை வைத்துப் பார்த்தால் பிரமாதமான கார் இல்லை. ஆனால், வளைவுகளில் அது திரும்பிய விதத்துக்கு உலகமே மயங்கியது. உலகில் அதிகம் விற்பனையான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என 2000-ல் கின்னஸில் இடம்பிடித்தது. 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது.

முதல் தலைமுறை மியாட்டாவின் தயாரிப்பு 1997-ல் முடிந்துவிட்டது. அதாவது, அதில் கடைக்குட்டி காருக்கே இன்று 25 வயதுக்கு மேல்!

இந்த காரை ஆசை ஆசையாகத் தேடிப்பிடித்து வாங்குபவர்கள் இப்போதும் உண்டு. ஓட்டிப் பார்த்ததும்தான் பலருக்கு ஏமாற்றம். பள்ளத்தில் இறங்கினால் 'கடக் கடக்' சத்தம். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. உடனே வரும் முடிவு, 'காரைத் தாழ்வாக இறக்கி, கெட்டியான ஸ்பிரிங் போட்டுவிடலாம்' என்பதுதான். செலவு வீணாவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜவ்வு தேய்ந்தால்..?

மியாட்டாவின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது 'டபுள் விஷ்போன்' சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். அந்தக் கைகள் காரோடு சேரும் இடத்தில் இருப்பவைதான் ரப்பர் புஷ்கள். முழங்கால் மூட்டுக்கு ஜவ்வு எப்படியோ, காருக்கு இவை அப்படி.

வெயில், எண்ணெய், வருடங்கள்... மூன்றும் சேர்ந்து ரப்பரை வெடிக்கவைக்கும். கார் அதிகம் ஓடாமல் ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. புஷ் போய்விட்டால் சக்கரம் நிற்க வேண்டிய கோணத்தில் நிற்காது. பிரேக் பிடிக்கும்போது ஒரு கோணம், திரும்பும்போது ஒரு கோணம் என அலையும். இந்த நிலையில் விலை உயர்ந்த ஸ்பிரிங்கை மாட்டுவது, ஜவ்வு தேய்ந்த காலுக்கு ரேஸ் ஷூ போடுவதைப் போலத்தான்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஆபீஸ் கதவு 'படார்' என்று அடித்துக்கொள்ளாமல் மெதுவாக மூடவைக்கும் டோர் குளோசரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் குறுகிய துளை வழியே போவதால்தான் அந்த நிதானம். ஷாக் அப்சார்பர் செய்வதும் இதே வேலைதான். அது செத்துவிட்டால் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். மேடுபள்ள ரோட்டில் டயர் தரையை விட்டு எழும்பும். எழும்பிய டயரால் பிரேக் பிடிக்க முடியாது. சொகுசு போவது மட்டும் இல்லை, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

வேலையில் கவனிக்க வேண்டியவை

* மியாட்டாவின் கீழ்க்கைகளைப் பிடித்திருக்கும் போல்ட்கள்தான் வீல் அலைன்மென்ட்டையும் சரிசெய்பவை. பல வருட துருவில் இவை புஷ்ஷோடு ஒட்டிப்போயிருக்கும். சில நாள்கள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவர வேண்டும். அப்படியும் அறுத்து எடுக்க நேரலாம் என்பதால் புது போல்ட்கள் கையில் இருப்பது நல்லது.

* புஷ்ஷில் உள்ள ரப்பர் சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். எனவே, கார் தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும்.

* அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். இந்த வேலை, சரியான கருவி வைத்திருக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு உரியது.

* எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அது இல்லாவிட்டால் புது டயரும் ஒரே பக்கமாகத் தேயும்.

அப்புறம்தான் அப்கிரேடு

இவ்வளவும் புதிதான பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பலருக்கு அப்கிரேடு ஆசை பாதி அடங்கிவிடும். மீதி ஆசைக்கு நல்ல ஷாக் அப்சார்பரில் தொடங்கலாம். 90-களில் அமெரிக்காவில் விற்ற மியாட்டாவின் 'ஆர் பேக்கேஜ்' மாடலிலேயே பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர்களை கம்பெனி பொருத்தியது. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஸ்டீயரிங் இன்னும் கச்சிதமாகும். ஆனால், அதிர்வு கூடும். கிரீஸ் காய்ந்தால் 'கீச் கீச்' சத்தமும் வரும்.

ரொம்பவும் தாழ்வாக இறக்குவதுதான் பெரிய தவறு. சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அந்த இடத்தைக் குறைத்துவிட்டால், சின்ன பள்ளத்துக்கே கார் 'பம்ப் ஸ்டாப்' எனும் கடைசித் தடுப்பில் போய் இடிக்கும். வளைவின் நடுவே இப்படி இடித்தால் டயர் பிடிமானத்தை இழக்கலாம். மியாட்டா பிறந்த ஜப்பானிலேயே, காருக்கும் தரைக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது சட்டம்.

குதிரையும் அதில் ஏறியவரும் ஒன்றாகிவிடுவதை ஜப்பானியர்கள் 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். மியாட்டாவை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்தது அதைத்தான். முதல் தலைமுறை கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-ல் ஜப்பானில் அறிவித்தது மஸ்டா. அதற்காக அந்தக் காலத்து 14 இன்ச் பிரிட்ஜ்ஸ்டோன் டயரைக்கூட மீண்டும் தயாரிக்கவைத்தது. பழைய காரின் சுகம் அதன் பழைய அளவுகளில்தான் இருக்கிறது என்பது காரைச் செய்தவர்களுக்குத் தெரியாதா என்ன?

வீட்டு வாசலில் நிற்பது ஸ்போர்ட்ஸ் காராக இல்லாமல் பத்து வருட குடும்ப காராக இருந்தாலும் கணக்கு இதேதான். ஸ்பீடு பிரேக்கரில் 'கடக்' சத்தம் கேட்டால், அடுத்த சர்வீஸில் "புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் பார்த்துடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!