அவர்கள் செய்தால் பாணி, ஆசாரி செய்தால் காப்பி

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு ஆசாரி, செல்போனில் வந்த படத்தைப் பார்த்து, வளைந்த காலும் பூ வேலையுமாக ஒரு கட்டில் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரியைப் போட்டோ எடுக்க வருகிற நம் நண்பர் அதைப் பார்த்து என்ன சொல்வார்? "சும்மா காப்பி அடிச்சிருக்காங்க." அதே நண்பர் ஆம்ஸ்டர்டாமில் 18ஆம் நூற்றாண்டு அலமாரி ஒன்றின் முன் நின்றால், "பிரெஞ்சு பாணியில் டச்சு மார்க்கெட்ரி!" என்று பக்தியோடு குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இந்த இரண்டு அளவுகோல்களோடுதான் எனக்குச் சண்டை.

மார்க்கெட்ரி என்பது பல நிற மரங்களைத் தாள் போல மெல்லிய தகடுகளாக அறுத்து, பூவாக, இலையாக, பறவையாக வெட்டிச் சேர்த்து, மரச்சாமானின் மேல் ஒட்டுகிற வேலை. அற்புதமான வேலை. அதில் சந்தேகமே இல்லை. 1700 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் மேக்கரன் செய்த அலமாரிகளில் பூக்கள் ஓவியம் போலவே நிற்கும். பிறகு பாரிஸ் மோகம் வந்தது. ஹேக் நகரில் மத்தைஸ் ஹொரிக்ஸ் பிரெஞ்சு மாதிரியில் செய்து ஆட்சியாளர் அரண்மனைக்கே கொடுத்தார். இறக்குமதிப் போட்டி தாங்காமல் 1771இல் ஆம்ஸ்டர்டாம் தச்சர் சங்கம் வெளிநாட்டு மரச்சாமான்களுக்குத் தடை வாங்கியது. உள்ளூர்க்காரர்கள் பாரிஸைப் பார்த்துச் செய்தார்கள், விற்றார்கள், பிழைத்தார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

சரி, அந்த "பிரெஞ்சு பாணி"யாவது சுத்தப் பிரெஞ்சா? பதினான்காம் லூயிக்கு மார்க்கெட்ரி செய்த பியர் கோல் ஹாலந்தில் பிறந்தவர். பதினைந்தாம் லூயியின் புகழ்பெற்ற மேசையைத் தொடங்கிய ஓபென், முடித்த ரீசனர் இருவரும் ஜெர்மானியர்கள். உயர்ரக மரச்சாமான் செய்பவருக்குப் பிரெஞ்சில் எபெனிஸ்த் என்று பெயர். அந்தச் சொல்லே எபனி, அதாவது கருங்காலியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் விளையாத மரம் அது. மரம் இரவல், ஆள் இரவல், மாதிரி இரவல். ஆனாலும் பாணி மட்டும் அவர்களுடையது!

இப்போது நம்ம கரைக்கு வாருங்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையகம் அதுதான். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இதே கரையின் தச்சர்கள், ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காகக் கருங்காலியில் முறுக்குக் கால்களும் அடர்ந்த செதுக்கலுமாக நாற்காலிகள் செய்தார்கள். அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் என்ற பெரிய ரசிகர் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். எதற்கு? அவை டியூடர் காலத்து ஆங்கிலேய நாற்காலிகள் என்று நினைத்து! நம் ஆசாரியின் வேலை நன்றாக இருந்ததால், அது அவர்களுடைய தாத்தா சொத்தாகிவிட்டது. இன்னொரு பக்கம், சீனாவில் செய்த அரக்குத் தட்டிகளுக்கு "கோரமண்டல்" என்று பெயர் வைத்தார்கள், இந்தக் கரை வழியாகக் கப்பலேறியதால். நாம் செய்ததற்கு நம் பெயர் இல்லை, செய்யாததற்கு உண்டு.

"இங்கே இருந்தவர்கள் கொடுத்த மாதிரியைத்தானே செய்தார்கள், சுயபடைப்பு எங்கே?" என்று கேட்பார்கள். ஹொரிக்ஸும் பாரிஸ் மாதிரியைத்தானே செய்தார்? இதே கரையில் வடக்கே, விசாகப்பட்டினத்தில், கம்சாலித் தச்சர்கள் ஆங்கிலேய வடிவங்களில் தந்தம் பதித்துப் பூங்கொடி ஓடவிட்டார்கள். வடிவம் இரவல்தான். அந்தக் கொடி யாருடையது? வெளியிலிருந்து வந்ததை வாங்கித் தன் கைப்பழக்கத்தால் மாற்றுவதுதான் கலை என்றால், அந்த விதி ஆம்ஸ்டர்டாமுக்கும் சோழமண்டலத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் பெயர், தேதி, குலச்சின்னம் எல்லாம் அழகாக வெட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் ரசித்துவிட்டு வருகிறோம், தப்பில்லை. ஆனால் அந்தக் கனவான்கள் காலத்தில் இந்தக் கரையில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் எங்கேயும் இல்லை. பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமலே போகலாம். குறைந்தபட்சம் "ஆங்கிலோ-இந்தியன்", "இந்தோ-டச்சு" என்று வாங்கியவனின் பெயரை முன்னால் போட்டு எழுதுகிற பழக்கத்தையாவது விடலாம். எந்த ஊர், என்ன மரம், எந்தத் தச்சர்கள் என்று முதல் வரியில் எழுதுங்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது இரண்டாம் வரிக்குப் போகட்டும்.