ஓட்டமும் குடித்தனமும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தபோது, அடுத்த கட்டடத்தில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நம்மை நோக்கினார். "தம்பி, தினமும் விடியுமுன்னே ஓடுதீங்களே, ஓடி முடிச்சா என்ன தருவான்?" என்று வினவினார். "ஒரு பதக்கமும் இரண்டு வாழைப்பழமும் தருவார்கள், அண்ணாச்சி. ஓடுவதற்கு முன்னால் பணம் கட்டுவது நாங்கள்தான்" என்றோம். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்போ இது எந்தப் பத்தில் வரும்? வரவா, செலவா?" என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆயினும் அக்கேள்வி வீடுவரை நம்முடன் வந்தது. அதற்கு விடை கூறும் முயற்சியே இத்திங்களின் பகுதி.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டம் என்பதை அன்பர்கள் அறிவர். மும்பையில் 2004 முதல் நடந்துவரும் பெரும் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பலரும் கண்டிருப்பீர்கள். அத்தூரத்துக்கு மேற்பட்டவை எல்லாம் 'அல்ட்ரா மாரத்தான்' எனப்படும். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் எனத் தூரத்தை வரையறுத்து நடப்பவை ஒரு வகை. 6 மணி, 12 மணி, 24 மணி என நேரத்தை வரையறுத்து, அதற்குள் யார் எவ்வளவு தூரம் கடந்தார் என்று எண்ணுபவை மற்றொரு வகை. லிதுவேனிய நாட்டு வீரர் அலெக்சாந்தர் சொரோகின் 2022 ஆம் ஆண்டில் இத்தாலியின் வெரோனா நகரில் 24 மணி நேரத்தில் 319.614 கிலோமீட்டர் ஓடினார். ஒரு பகலும் ஓர் இரவும் சென்னைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு மனிதர் காலாலேயே கடந்தார் என்றால் மலைக்கத்தான் வேண்டும்.

இவ்வகைப் பந்தயங்களில் புகழ் வாய்ந்தது தென்னாப்பிரிக்காவின் 'காம்ரேட்ஸ்' ஓட்டம். இதைத் தொடங்கியவர் விக் கிளாப்பம் என்னும் ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலகப் போரில் பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பிய அவர், மாண்ட தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் வேண்டும் என்று விடாது கேட்டு அனுமதி பெற்றார். 1921 ஆம் ஆண்டு மே 24 ஆம் நாள் 34 பேர் ஓடத் தொடங்கினர். 16 பேர் முடித்தனர். பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் ஆகிய இரு நகரங்களுக்கு இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மேடு பள்ளங்களில் இன்றும் அது நடக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்பது 1893 ஆம் ஆண்டில் காந்தியடிகள் ரயில் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஊர். டர்பனோ, 1860 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சென்ற கப்பலில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போய் இறங்கிய துறை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் வாழ்கின்றனர். ஆயினும் வெள்ளையர் அல்லாதாரும் பெண்களும் அவ்வோட்டத்தில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டது 1975 ஆம் ஆண்டில்தான். 12 மணி நேரம் முடியும் கணத்தில் ஓர் அதிகாரி ஓடி வருவோருக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். அதற்குப்பின் எல்லையைத் தொடுபவருக்குப் பதக்கம் இல்லை.

நாம் அத்தகைய கடல் கடந்த பந்தயங்களுக்குப் போகிறவர் அல்லோம். பகலெல்லாம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். எட்டு மணி நேரம் குனிந்து சில்லறை எண்ணும் தேகத்துக்கு ஏதேனும் அசைவு வேண்டும் என்று மாதுங்காவின் பைவ் கார்டன் மரநிழலில் நடக்கத் தொடங்கினோம். நடை ஓட்டமாயிற்று, ஓட்டம் நீண்டுகொண்டே போயிற்று. இவ்வளவே நம் வரலாறு.

நீண்ட ஓட்டத்துக்குப் பழகுவோரின் வாரம் எப்படி இருக்கும் என்று பலர் கேட்கின்றனர். ஒரு நாள் முழு ஓய்வு. மூன்று நாட்கள் 10, 12, 10 கிலோமீட்டர். ஒரு நாள் ஓட்டமின்றித் தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி. மிஞ்சிய இரு நாட்களில் அடுத்தடுத்து 25, 20 கிலோமீட்டர். ஆக வாரத்துக்கு 77. முதல் நாள் களைத்த கால்களை மறுநாளும் ஓடச் செய்வதே இதிலுள்ள சூட்சுமம். பிறர் இதைச் சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்வர். ரயில்வேயில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஆகவே டூட்டி ரோஸ்டர் காட்டும் நாளே நமக்கு ஞாயிறு.

வேகம் மிகக் குறைவு. கிலோமீட்டருக்கு ஏழு, ஏழரை நிமிடம். உடன் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். இதற்குக் காரணம் உண்டு. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து சுமார் அரை கிலோதான். நெடுந்தூரம் அதைக் கொண்டு மட்டும் ஓட இயலாது. உடல் தன் கொழுப்பையும் எரிக்கப் பழக வேண்டும். மெதுவான ஓட்டமே அதைப் பழக்கும். மேட்டில் நடப்பது இழுக்கன்று. 1983 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் பந்தயம் ஒன்று நடந்தது. கிளிஃப் யங் என்னும் 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி, காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடி, 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் இளைஞர்களையெல்லாம் முந்தி முடித்தார். மற்றவர்கள் உறங்கிய நேரத்தில் அவர் நகர்ந்துகொண்டிருந்தார்.

வழியுணவுக்கு வாழைப்பழம், உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, ஊரிலிருந்து வரும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். தொடை இடுக்கில் தோல் உராயாதிருக்கத் தேங்காய் எண்ணெய். கால் நகம் கறுத்து விழும்; மீண்டும் முளைக்கும். இவையெல்லாம் பெரிய இடர்கள் அல்ல. காலணிதான் பெரிய செலவு. 700 கிலோமீட்டர் ஓடினால் அடிப்பாகம் செத்துவிடும். பழக்கம் உச்சமாயிருக்கும் மாதங்களில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி வேண்டும். ஒரு தீபாவளிக்கு நம் வீட்டில் காலணி வந்தது; புடவை வரவில்லை. இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரிய செலவொன்றை நாம் நெடுநாள் எழுதாமலே இருந்தோம். நம் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். நாம் நான்கு மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்குத் திரும்புவோம். ஆகவே டிரம்மும் குடமும் நிரப்புவது, மகளை எழுப்பிப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வது, நமக்குச் சோறு கட்டுவது அனைத்தும் நம் மனைவி ஒருவர் தலையில் விழுந்தன. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

2023 ஆம் ஆண்டில் நகருக்கு வெளியே ஒரு மைதானத்தில் 12 மணி நேர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம். 400 மீட்டர் வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். வெயிலுக்கு அஞ்சி, தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான்கு சுற்றுக்கு ஒரு குவளை தண்ணீர் குடிப்பது என்று நாமே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஏழாம் மணியில், 52 கிலோமீட்டர் அளவில், தலை கனத்தது, குமட்டிற்று, விரல்கள் வீங்கின, கல்யாண மோதிரம் சதையில் புதைந்தது. தண்ணீர் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் இரண்டு பாட்டில் குடித்தோம். எத்தனையாவது சுற்று என்பதே மறந்து, எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினோமாம். உடன் வந்த நண்பர் கையைப் பிடித்து முதலுதவிக் கூடாரத்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கிருந்த டாக்டர் செய்த முதல் காரியம் நம்மை எடைபோட்டதுதான். காலையில் 62 கிலோவாக இருந்தவர் இப்பொழுது 63.8. ஏழு மணி நேரம் ஓடி இளைத்திருக்க வேண்டிய உடல் எடை கூடியிருந்தது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போயிற்று என்றார். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது நமக்கு 126 ஆக இருந்தது. மிகவும் குறைந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகுமாம். இது அரிதான செய்தியும் அன்று. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. உப்புக் கரைத்துக் குடித்தால் மட்டும் தப்பிவிட முடியாது. தாகத்துக்கு மேல் குடியாமையே காப்பு.

அன்றிரவு மருத்துவமனைக்கு நம் மனைவி, ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு லோக்கல் வண்டி மாறி வந்து சேர்ந்தார். சோப்புப் போட்டுக் கழற்றிய மோதிரத்தை நர்ஸ் அவர் கையில் கொடுத்தார். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, ஊரிலே ஒரு குரல் கொடுத்தால் தெருவே வந்து நிற்கும். இங்கே நீங்க விழுந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை.

மூன்று மாதம் ஓடவில்லை. பிறகு ஒரு நாள் அவரே, "ஓடுங்க. ஆனா என் கணக்கும் கொஞ்சம் இருக்கு" என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். தண்ணீர் பிடித்து முடித்த பிறகே வாசற்படி இறங்க வேண்டும். பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு எப்பொழுதும் பையில் இருக்க வேண்டும். மாரத்தானுக்கு மேற்பட்ட எந்த ஓட்டத்துக்கும் அவர் எடை இயந்திரத்துடன் உடன் வருவார். அவர் நில் என்றால் நிற்க வேண்டும். முதல் நிபந்தனையால் நீண்ட ஓட்டங்கள் ஆறரை மணிக்குத்தான் தொடங்கின. வெயிலில் மிகவும் வாடினோம். ஆனால் நண்பகலிலும் நடைபெறும் 12 மணி நேர ஓட்டத்துக்கு அந்த வெயிலே பழக்கமாக அமைந்ததைப் பின்னர் உணர்ந்தோம்.

2025 ஜனவரியில் மறுபடியும் ஓடினோம். வட்டத்தின் ஓரத்தில் பாயை விரித்து, நோட்டுப் புத்தகத்தில் மகள் சுற்றுக்களை எண்ணினாள். இரண்டு மணிக்கொருமுறை எடை. நான்காம் மணியில் 61.2, ஆறாம் மணியில் 60.9. எட்டாம் மணியில் 61.9 என்று முள் ஏறியதும் மனைவி பாட்டிலை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் தரவில்லை. பத்தாம் மணியில் நம் முகத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். முடிவில் 196 சுற்று, 78.4 கிலோமீட்டர். உட்காராதிருந்தால் 80 ஆகியிருக்குமே என்ற எண்ணம் இன்றும் முற்றிலும் அகலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மோதிரம் விரலில் தளர்வாகச் சுழன்றது.

இனி, "யாரைக் கூப்பிடுவேன்?" என்ற கேள்விக்கு வருவோம். ஓடுபவர் வீட்டுக்கு மட்டுமா அக்கேள்வி? இரவுப் பணிக்குப் போகிறவர் வீட்டுக்கும், முதியோர் தனித்திருக்கும் வீட்டுக்கும் அது உரியதே. நம் மனைவி கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் நான்கு பெயர்கள், நான்கு எண்கள். முதற்பெயர் அண்ணாச்சியுடையது. அவரிடம் கேட்கத் தயங்கித் தயங்கிச் சென்றபோது, "இதுக்கா கூச்சப்பட்டீங்க? தண்ணி வாற நேரம் நான் சும்மாதானே முழிச்சிருக்கேன். நெடுந்தூரம் ஓடுத நாளிலே சொல்லுங்க, குடத்தை நான் எடுத்து வைக்கேன்" என்றார். சங்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் இத்தகைய தாளொன்றை எழுதி ஒட்டிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நான்கு பெயர் கிடைக்காத வீட்டார் அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் தெரிவித்தால், அருகில் வசிப்போரை அறிமுகம் செய்துவைக்க ஏற்பாடு செய்யலாம்.

வரவா, செலவா என்று கேட்ட அண்ணாச்சி அவர்களே, காலணியும் நுழைவுக் கட்டணமும் வராத புடவையும் செலவுப் பத்தில் இருக்கட்டும். வரவுப் பத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறோம்.