காலண்டரில் இல்லாத நாள்

செய்யூரில் எங்கள் ஆயாவுக்குப் பொழுது விடிவதே ஒரு சின்னப் புத்தகத்தோடுதான். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு மனிதர். சமாதானத்துக்கும் இரக்கத்துக்கும் நீதிக்கும் வாழ்ந்த ஒருவரை நினைத்துக்கொண்டு அன்றைய வேலையைத் தொடங்க வேண்டும். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்தால் கண்ணை மூடிக் கேட்கும். மார்ச் 24 என்றால் ரொமேரோ. எல்சால்வடோரில் ஏழைகள் பக்கம் நின்றதற்காக 1980இல் பூசை செய்துகொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர்.

அக்டோபர் 10 அன்று நான் படித்தேன். யாரோ தூர தேசத்துப் புனிதர். முடித்துவிட்டுக் கேட்டேன்: "ஆயா, இதே நாள்லதான செங்கல்பட்டுல நம்மாளுங்க ரெண்டு பேரச் சுட்டாங்க?" ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அத யாருடா புக்குல போடப் போறாங்க" என்றது.

தோழர்களே, நாம் போடுவோம்.

மாமல்லபுரத்துக்கு அருகே காரணை. அங்கே பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய நம் மக்கள் அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கிறித்தவனாகிவிட்டால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித் இன்னமும் வெளியே நிற்கிறான். துப்பாக்கி மட்டும் யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

அந்த நிலம் யாரும் போட்ட பிச்சையல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் நம் பாட்டன் பூட்டன்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். பட்டினிக்கும் அடிமை வேலைக்கும் காரணம் சொந்த நிலம் இல்லாததே என்று கண்டார். மிஷனரிகளும் நிலம் கேட்டு அரசிடம் வாதாடினார்கள். 1892இல் அரசாணை வந்தது. முதல் 10 ஆண்டுகள் அந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். இவ்வளவு கட்டுத்திட்டம் இருந்தும் கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் நிலம் போனது. திரும்ப எடுக்க வேண்டிய அரசு கேட்க வந்தவனைச் சுட்டது.

வேதாகமத்தில் நாபோத் என்றொருவன் இருக்கிறான். முன்னோர் நிலத்தைத் தரமாட்டேன் என்றான். அரசன் பேரில் கடிதம் போனது, முத்திரை விழுந்தது, இரண்டு பொய்ச் சாட்சிகள் வந்தார்கள். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கிய எவனுக்கும் இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். பயிர்க்கடன் என்று வந்தால் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பேன். கேட்பது என் வேலை. நம் சனங்க பேசாமல் பக்கத்து வரிசைக்குப் போய்க் காதில் இருப்பதைக் கழற்றி வைப்பார்கள். அந்தக் காதுகளைப் பார்க்கும்போதெல்லாம் 1892 ஞாபகம் வரும். உழத் தெரிந்த கைக்குக் காகிதம் இல்லை.

இரக்கம் நமக்குக் கிடைக்காமல் இல்லை. புயலடித்தால் அரிசி வரும், பண்டிகைக்குப் புடவை வரும். சமாதானமும் வரும். ஊரில் அடி விழுந்த மறுநாளே 'சமாதானக் கூட்டம்' என்று கூப்பிட்டு, அடி வாங்கினவனிடம்தான் கையெழுத்து வாங்குவார்கள். இவ்விரண்டையும் கொடுக்கிறவர்கள் மூன்றாவதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். நீதி இல்லாத இரக்கம் நம்மை வரிசையில் நிற்க வைக்கிறது. நீதி இல்லாத சமாதானம் வாயை மூட வைக்கிறது. சாவுக்குப் பிறகும் சேரிக்குத் தனிக் கல்லறை வைத்துக்கொண்டு சமாதானத்தைத் தியானிக்கிற திருச்சபைக்கும் இதைத்தான் சொல்கிறோம்.

தியானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயாவின் காலை நேரத்தைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஸ்டேன் சாமியும் தியானித்தவர்தான். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காக நின்றார். நடுங்கும் கையோடு தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் காலண்டரில் அக்டோபர் 10ஐ வட்டமிடுங்கள். காலையில் இரண்டு பெயர்களையும் சத்தமாகப் படியுங்கள். பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் திறக்கும். உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டில் பஞ்சமி நிலம் எந்தச் சர்வே எண், இன்று யார் அனுபவத்தில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். அன்றைய தியானம் அதுதான்.

எங்கள் வீட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இரண்டு பெயர்களையும் பேனாவால் எழுதிவிட்டேன். என்ன எழுதினாய் என்று ஆயா கேட்டது. படித்துக் காட்டினேன். கண்ணை மூடவில்லை.