கல்லால் எழுப்பிய பொய்

குடிமக்களின் நெஞ்சில் இடம்பெறாத ஆட்சி, அவர்தம் கண்களை மருட்ட முனையும். அன்பால் பெற இயலாத வணக்கத்தை அளவால் பெற நினைக்கும். வானளாவும் மாளிகையும், பல்லாயிரவர் அணிவகுக்கும் விழாவும் அதற்குரிய இரு கருவிகள். மாளிகையின் முன் மாந்தன் தன்னைச் சிறியவனாக உணர்கிறான். கூட்டத்தின் நடுவில், வெறுப்பவன் தான் ஒருவனே என்று எண்ணி அடங்குகிறான். இவை வெறும் பகட்டல்ல, திட்டமிட்ட பரப்புரை! இவ்வுண்மையை உணர உருமேனியாவின் வரலாறு ஒன்றே போதும்.

1965-இல் அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையேற்ற நிக்கோலே சௌசெசுக்கு, 1971-இல் சீனத்துக்கும் வடகொரியாவுக்கும் சென்றான். ஒரு தலைவனைப் புகழ்வதற்கென்றே ஒரு மக்களினம் முழுவதும் பயிற்றப்பட்ட காட்சி அவனை மயக்கிற்று. திரும்பிய அதே ஆண்டில் கலைக்கும் எழுத்துக்கும் கல்விக்கும் கட்சியின் கடிவாளம் இறுகிற்று. 1974-இல் அவன் குடியரசுத் தலைவனானபோது, அவ்விழாவில் அவன் கையில் ஒரு கோல் விளங்கிற்று! மன்னராட்சியை ஒழித்த கட்சியின் தலைவனுக்கு மன்னன் கோல்! இசுப்பானிய ஓவியர் சால்வதோர் தாலி, அக்கோலைப் பாராட்டுவதுபோல் எள்ளி ஒரு தொலைவரி விடுத்தார். கட்சி நாளிதழோ அதனை மெய்யான வாழ்த்தென்றே கருதி அச்சிட்டது. எள்ளலையும் வாழ்த்தையும் பிரித்தறியும் திறனைப் புகழ்ப்பசி தின்றுவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கோல் ஒன்றே, அதனைப் பிடித்தவன் செயலே அதனைச் செங்கோலாகவோ கொடுங்கோலாகவோ ஆக்கும். தமிழ் இதனைச் சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளது.

ஆண்டுதோறும் ஆகசுட்டு 23-ஆம் நாள் நாட்டு விழா. தொழிற்கூடங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் மக்கள் திரட்டப்பட்டனர். விளையாட்டரங்குகளில் மாந்தர் உடல்களே எழுத்துகளாக அடுக்கப்பட்டன. அவ்வெழுத்துகள் தலைவனின் பெயரையும் புகழையும் காட்டின. அதே நாட்டில் 1983-இல் ஓர் ஆணை பிறந்தது. தட்டச்சுப்பொறி வைத்திருப்போர் அதனைக் காவல்துறையில் பதிந்து, அதன் எழுத்துகளின் படியையும் ஒப்படைத்தல் வேண்டும் என்றது அவ்வாணை. மக்களின் உடல் எழுத்தாகலாம். மக்கள் எழுதும் எழுத்து மட்டும் ஆகாது! கொடுங்கோன்மையின் மொழிக்கொள்கை இதனினும் தெளிவாக வெளிப்பட்டதுண்டோ?

1977 மார்ச்சு 4-இல் நிகழ்ந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றது. தலைநகராகிய புக்காரெசுட்டிலேயே சாவு மிகுதி. இடிந்த வீடுகளைக் கட்டுவதே நல்லாட்சியின் கடன். சௌசெசுக்குவோ, நிலநடுக்கம் இடிக்காமல் விட்டவற்றையும் இடிக்கும் வாய்ப்பாக அதனைக் கொண்டான். உரானுசு என்னும் பழம்பகுதி தரைமட்டமாயிற்று. பல்லாயிரவர் வீடிழந்தனர். பழைமை வாய்ந்த மிகாய் வோடாத் திருக்கோயில் 1985-இல் அடியோடு பெயர்க்கப்பட்டு, தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ 280 மீட்டர் நகர்த்தப்பட்டு, அடுக்குமாடிகளின் பின்னே மறைக்கப்பட்டது. வகரேசுட்டித் துறவியர் மடம் அந்த நற்பேறும் பெறாமல் இடிக்கப்பட்டது.

அவ்விடிபாட்டின்மேல் 1984-இல் அடிக்கல் நாட்டப்பட்டதே 'மக்கள் இல்லம்' எனப்பட்ட மாளிகை. 270 மீட்டர் நீளம், 240 மீட்டர் அகலம், 84 மீட்டர் உயரம்! அதன் முன்னே, பாரிசு நகரின் சாம்சு எலிசே பெருந்தெருவினும் நீண்டதொரு சாலை. 'நிகரமையின் வெற்றி' என்பது அதன் பெயர். எந்த மக்களுக்கு இல்லம்? எவர் பெற்ற வெற்றி? அயல்நாட்டுக் கடனை அடைப்பதற்கென்று விளைந்த உணவு ஏற்றுமதியாயிற்று. அப்பமும் சருக்கரையும் எண்ணெயும் பங்கீட்டு அளவாயின. கடுங்குளிரில் வீடுகளின் கணப்பு தணிக்கப்பட்டது, விளக்குகள் மங்கின, தொலைக்காட்சி வேலைநாள்களில் இரண்டு மணிநேரமாகச் சுருங்கிற்று. அவ்விரண்டு மணியிலும் மிகுதி தலைவன் புகழ்! இருளில் நடுங்கியவர்களிடம் அக்காலத்துக்குப் 'பொற்காலம்' என்று பெயர் சொல்லப்பட்டது.

ஆனால் கூட்டத்தை ஆளலாம் என்று எண்ணியவனைக் கூட்டமே வீழ்த்திற்று. 1989 திசம்பரில் திமிசுவாரா நகரில், அங்கேரி மொழி பேசும் சிறுபான்மையைச் சார்ந்த சமயகுரு இலாசுலோ தொக்கேசை வெளியேற்ற அரசு முனைந்தது. அவரைக் காக்க முதலில் அவர்தம் சபையினர் திரண்டனர்; பின்னர் உருமேனியரும் உடன் நின்றனர். அரசு சுட்டது, கிளர்ச்சி பரவிற்று. அப்போதும் சௌசெசுக்கு தன் பழைய கருவியையே நம்பினான். திசம்பர் 21-இல் தொழிலாளர்களைத் திரட்டி, கட்சித் தலைமையகத்தின் மாடத்தில் நின்று முழங்கினான். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. இகழ்ச்சியொலி வலுத்தது. உயர்த்திய கை உயர்த்தியபடியே நிற்க, செய்வதறியாமல் திகைத்தான். அத்திகைப்பை அவனுடைய தொலைக்காட்சியே நாடு முழுவதற்கும் காட்டிற்று! ஒளிபரப்பு சற்றே நிறுத்தப்பட்டும் பயனில்லை. வெறுப்பவன் தான் ஒருவனே என்று எண்ணியிருந்த ஒவ்வொருவனும், அனைவரும் தன்னைப் போன்றவரே என்று அந்நொடியில் அறிந்தான். மறுநாள் அவன் வானூர்தியில் தப்பியோடினான். திசம்பர் 25-இல் மனைவியொடு சுட்டுக் கொல்லப்பட்டான். அக்கிளர்ச்சியில் உயிரிழந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். முற்றுப்பெறாத மாளிகை வாயடைத்து நின்றது.

"ஆள் போனால் என்ன? மாளிகை நிற்கிறதே! அதிலேதானே இன்று நாடாளுமன்றம் கூடுகிறது? உலகோர் கண்டு வியக்கின்றனரே!" என்பார் உளர். வியக்கட்டும். கொள்ளையடித்த பொன்னை ஏழைக்கே திருப்பி அளித்தாலும் கொள்ளை அறமாகாது. இடிந்த தெருக்கள் மீளவில்லை. குளிரில் நடுங்கிய முதியோரின் இரவுகள் மீளவில்லை. மக்கள் இன்று அம்மாளிகையைப் பயன்கொள்வது, அழிக்கவும் பெருஞ்செலவாகும் ஒன்றை வேறு வழியின்றித் தாங்குவதே அன்றி, கட்டியவனுக்குச் சூட்டும் மாலை அன்று.

ஆகவே ஆட்சியின் பெருமையை அளக்க அண்ணாந்து பார்த்தல் வேண்டா. குனிந்து பார்த்தல் வேண்டும். அடித்தளத்தின் கீழ் எவர் வீடு புதைந்தது? விழாவுக்கு வந்தோர் விரும்பி வந்தனரா, ஏற்றிவரப்பட்டனரா? விளக்கு மாளிகையில் எரியும்போது குடிசையில் எரிந்ததா? இவ்வினாக்களைக் கேட்கும் நாவுள்ள மக்களை எந்தக் கல்லும் மருட்டாது. அந்நாவைக் கட்டிவிட்டே கொடுங்கோலன் கல்லைக் கட்டுகிறான். கல்லுக்கு முன்னே காக்கப்பட வேண்டியது நாவே!