ஊரைப் பூட்டிவிட்டு நாட்டைத் திறப்பதா?

ஓர் இனத்தின் உண்மை நிலையை அதன் மேடை முழக்கத்தால் அறிய முடியாது. அதன் ஊர்மன்றத்தில் யார் அமர்ந்திருக்கிறார், யார் நின்றுகொண்டிருக்கிறார், யார் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதைக் கண்டே அறிதல் வேண்டும். தமிழினம் தன் மண்ணைத் தானே ஆளும் உரிமையைக் கேட்கின்றது. கேட்பது முறையே; கேட்டே தீர வேண்டியதே! ஆனால், தில்லியின் வாயிலில் நின்று ‘எம்மை ஏன் புறத்தே நிறுத்துகின்றீர்?’ என்று கேட்கும் தமிழன், தன் ஊரின் வாயிலில் இன்னொரு தமிழனைப் புறத்தே நிறுத்திவிட்டு வந்திருப்பானாயின், அவன் கேள்விக்கு என்ன மதிப்பு இருக்கும்?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ‘ஊர்’ என்றால் இன்றும் முழு ஊர் அன்று. ‘ஊர்க்கூட்டம்’ என்றால் சேரி அதில் இல்லை. ‘ஊர் முடிவு’ என்றால் சேரியைக் கேளாது எடுத்த முடிவு. சேரி என்பதோ, ‘சேர்’ என்னும் வினையடியாகப் பிறந்து, மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த நல்ல தமிழ்ச்சொல். பார்ப்பனர்க்குரிய ஊராயிருந்த உத்திரமேரூரே பன்னிரண்டு சேரிகளாகப் பகுக்கப்பட்டிருந்ததை அவ்வூர்க் கல்வெட்டுக் காட்டுகின்றது. சேர்ந்து வாழ்தலைக் குறித்த சொல்லைச் சேரவிடாமையைக் குறிக்கும் சொல்லாக மாற்றியது எந்த அயலான்? வடசொல்லைக் களைவது தூய்மைப் பணியின் ஒரு பாதி. தமிழ்ச்சொல்லின் மேல் ஏற்றப்பட்ட இழிவைக் களைவது மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிட்டவர் தமிழ்த்தொண்டை முடித்தவர் ஆகார்.

அந்த உத்திரமேரூரைக் காட்டித்தான் ‘குடியாட்சியை உலகிற்குத் தந்தவன் தமிழன்’ என்று மார்தட்டுகின்றனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளில் போற்றத்தக்கன உண்டு. முன் மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவன் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவன் உறவினரும் நிற்க இயலாது. இன்றைய ஆட்சியாளர்க்கு இவை கசக்கும்! ஆனால், ஓலையில் பெயர் எழுதப்பெறத் தகுதி எது? இறை செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை, இவற்றோடு வேதக் கல்வி! அந்நிலத்தை உழுதவனுக்கு ஓலை இல்லை, அறுத்தவளுக்கும் இல்லை. பார்ப்பனர் ஊர்களின் அவை மட்டுமா இப்படி? உழவர் ஊர்களில் ‘ஊர்’ என்னும் பெயரால் கூடிய அவையும் நிலமுடையார் அவையே. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அக்கதவைப் பெருமையாகக் காட்டுவோர், அதன் தாழையும் காட்டுதல் வேண்டும்.

ஏனெனில், அத்தாழ் இன்னும் துருப்பிடிக்கவில்லை. 1993 ஏப்பிரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆம் சட்டத்திருத்தமும், அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994இல் இயற்றப்பட்ட ஊராட்சிச் சட்டமும் இரண்டைத் தெளிவாக்கின. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் ஊரவையின் உறுப்பினர். ஊராட்சித் தலைமையில் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்டிர்க்கும் ஒதுக்கீடு உண்டு. 1996இல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் என்னும் நான்கு ஊராட்சிகளின் தலைமை ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. உடனே கதவு சாத்தப்பட்டது. வேட்புத்தாள் கொடுக்க எவரையும் வரவிடவில்லை. வந்தவரும் ஊர்ப்பெரியோர் நிறுத்திய பாவையாய் வந்து, வென்ற கையோடு விலகினார். 2006 அக்தோபரில்தான் அந்நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொறுப்பில் நின்றனர். பத்தாண்டு! கொடியும் படையும் சட்டமும் கொண்ட ஓர் அரசு, நான்கு சிற்றூர்களில் நான்கு நாற்காலிகளில் ஆள் அமர்த்தப் பத்தாண்டு ஆயிற்று. அமர்த்தியபின் விழாவும் எடுத்தது!

அவ்வூர்களாவது கதவை மூடி நிறுத்தின. மேலவளவில் நடந்தது குருதிக்கதை. பலமுறை தடைப்பட்டு நடந்த தேர்தலில் தலைவரானார் முருகேசன். 1997 சூன் 30ஆம் நாள், மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்புகையில், அவரும் உடன்வந்தோரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம் என்ன? சட்டம் தந்த நாற்காலியில் அமர எண்ணியதே குற்றம். 2001இல் நயமன்றம் பதினெழுவர்க்கு வாழ்நாள் சிறை விதித்தது. அவருள் பதின்மூவர் 2019இல் காலத்திற்கு முன்பே விடுவிக்கப்பட்டனர். முருகேசனுக்கு அத்தகைய முன்விடுதலை ஏதும் இல்லை!

இவையெல்லாம் பழங்கதை என்பார்க்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அவ்வாண்டு ஆகத்து 15இல், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவராயிருந்த பெண்மணி கொடியேற்றவிடாது தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் ஏற்ற முடிந்தது. அக்கொடி யாருடைய கொடி என்பது வேறு வழக்கு. அதைத் தொடும் கை யாருடையது என்று தடுத்தவன் தமிழனே! அதே ஆண்டு அக்தோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டிருந்த படம் வெளிவந்தது. அவரும் பெண்மணியே. தலைவர் தரையில், அவர் தலைமையில் இயங்க வேண்டியோர் நாற்காலியில்!

இக்கதவைக் காப்போர் கையில் எப்போதும் அரிவாள் இருப்பதில்லை. பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை. நிலம் அவர்களிடம், கூலி அவர்களிடம், கடன் அவர்களிடம், வயலுக்குச் செல்லும் வழியும் அவர்களிடம். போட்டியிட எண்ணியவனுக்கு நாளை வேலை இல்லை என்று ஒரு சொல் போதும். தலைமைப் பொறுப்பைக் கோயிற்பணி என்னும் பெயரால் ஏலமிட்டுவிட்டு, ‘ஊரார் ஒருமனமாய்த் தேர்ந்தோம்’ என்று அறிவிக்கும் சூழ்ச்சியும் உண்டு. ஏலத்தில் கேட்கப் பணமில்லாதவன் மனம் அவ்வொருமனத்தில் சேர்ந்ததா என்று யாரும் வினவுவதில்லை.

இன்று ஊர்த்திண்ணை கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஊரின் பெயரால் புலனக்குழு அமைத்துச் சிலர் அதற்குப் பொறுப்பாளர் ஆகின்றனர். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில். சேரிக்குக் குடிநீர் வரவில்லை என்று ஒருவன் எழுதினால், ‘இங்கே அரசியல் வேண்டா’ என்று நீக்கப்படுகின்றான். தன் சாதியின் வீரம் பாடி ஒருவன் படம் இட்டாலோ, அது அரசியல் ஆவதில்லை, ஊர்ப்பெருமை ஆகின்றது! ‘அரசியல் பேசாதே’ என்பதே அரசியல்களுள் கொடிய அரசியல். மேலிருப்பவன் பேச்சு வழக்கம் எனவும், கீழ் நிறுத்தப்பட்டவன் பேச்சுக் கலகம் எனவும் தீர்ப்பளிக்கும் உரிமையை இவர்களுக்கு யார் தந்தார்?

தமிழின உணர்வாளருள்ளும் சிலர் இங்கே குறுக்கிட்டு, ‘முதலில் இனவிடுதலை; சாதியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்; இப்போது கிளறினால் ஒற்றுமை குலையும்’ என்கின்றனர். எந்த ஒற்றுமை குலையும்? ஒருவன் அமர, ஒருவன் தரையில் கிடக்கும் ஒற்றுமையா? அது குலையட்டும்! தமிழன் தன் உரிமையைக் கேட்கும்போதெல்லாம் ‘நாட்டொருமை குலையும்’ என்று தில்லி வாயடைக்கின்றது. அதே சொல்லை அதே பொருளில் தன் உடன்பிறந்தான் மேல் வீசுகின்றவன், தில்லியின் எதிரி அல்லன், அதன் மாணாக்கன்.

‘சாதி ஆரியர் புகுத்திய நோய்’ என்று கூறி அமைதி கொள்வோரும் உளர். பிறப்பால் ஏற்றத்தாழ்வு கற்பித்த வருணக் கொள்கை அங்கிருந்து வந்ததை மறுப்பார் யார்? ஆனால், 1996இல் பாப்பாபட்டியின் கதவைச் சாத்திய கை ஆரியன் கையன்று. மேலவளவில் ஓங்கிய அரிவாளைப் பிடித்தவன் பேசிய மொழி தமிழ். நோய் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது தேவையே. ஆயினும், மருந்து உண்ண மறுப்பதற்கு அவ்வாராய்ச்சியைக் கரணியமாக்குவது ஏமாற்று. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை மேடைதோறும் முழங்குவோர், தம் சொந்த ஊர் எல்லா ஊராருக்கும் ஊராக இருக்கின்றதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டுவன பலவல்ல, சிலவே. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 எனும் ஆறு நாள்களில் ஊரவை கூடுகின்றது. இயக்கத் தோழர் ஒவ்வொருவரும் தம் ஊரில் அந்நாள்களில் சேரிமக்களோடு சேர்ந்து நுழைந்து, சேர்ந்து அமரட்டும். கூட்டம் ஊர்த்தெருவில் ஒருமுறை நடந்தால், சேரியில் மறுமுறை நடக்க வேண்டுமென வலியுறுத்தட்டும். தலைமையை ஏலமிடும் கூட்டத்தில், அது தந்தையார் தலைமையில் நடப்பினும், எழுந்து மறுக்கட்டும். சாதிச்சங்க மேடையில் ஒருநாளும், இன மேடையில் மறுநாளும் ஏறும் இரட்டை வாழ்க்கையை விட்டொழிக்கட்டும். இவற்றிற்கு வேலை போகலாம், உறவு முறியலாம். இவற்றையே இழக்க அணியமாகாதவர், நாட்டுக்காக உயிரை இழப்போம் என்று முழங்குவது வெற்றொலி.

நாடு என்பது வானிலிருந்து இறங்கி வருவதன்று, ஊர்களால் ஆவது. ஊர் பூட்டியிருக்க நாடு திறவாது. தமிழ்நாட்டின் கதவைத் திறக்கும் திறவுகோல் தில்லியில் மட்டும் இல்லை. ஒவ்வொரு தமிழனின் ஊர்வாயிலிலும் ஒன்று தொங்குகின்றது. முதலில் அதை எடுக்கட்டும்!